காசு சுண்டாதீர்கள்

பினால்டியில் கோப்பை கைமாறினால் “எல்லாம் அதிர்ஷ்டம், லாட்டரிதான்” என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சுங்கை பினாங்கில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே இருக்கும் கடையில் அப்படி எழுந்து போகிறவர் என் சொந்த அண்ணன். 2025 ஜூலையில் பாசெலில் நடந்த ஐரோப்பியப் பெண்கள் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினைப் பினால்டியில் 3-1 என்று வென்றதைப் பற்றிப் பசியாறும்போது பேச்சு வந்தது. ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே அண்ணன் அதைச் சொன்னார். நான் பெண்பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக்கொடுத்து, விசில் ஊதி, தலை நரைத்தவள். எனக்கு வந்ததே கோபம். லாட்டரியை ஒழிக்கத்தானே பினால்டி வந்தது? அதுவும் அதை உலகத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களில் ஒரு மலேசியரும் இருந்தாரே!

அந்தக் கதையை அண்ணனுக்குச் சொன்னேன். தே தாரிக் ஆறிப்போகும்வரை கேட்டார். இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் 1970 வரை, கூடுதல் நேரமும் முடிந்து ஆட்டம் சமநிலையில் நின்றால், மறுநாளோ மறுவாரமோ திரும்ப ஆட நேரமில்லை என்றால், காசைச் சுண்டினார்கள். இல்லையென்றால் சீட்டுக் குலுக்கினார்கள். உள்ளூர்த் திடலில் நடந்ததைச் சொல்லவில்லை. 1968 ஜூன் 5, நேப்பிள்ஸ் நகரம். ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் 120 நிமிடம் ஆடிக் கோல் இல்லாமல் நின்றன. இரண்டு தலைவர்களையும் நடுவர் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். இத்தாலியின் ஃபக்கெட்டி சொன்ன பக்கம் விழுந்தது. இத்தாலி இறுதிக்குப் போனது, கோப்பையையும் வென்றது. சோவியத் வீரர்கள் அன்று திடலில் தோற்கவில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக். லியோன் நகரில் கால் இறுதியில் இஸ்ரேலும் பல்கேரியாவும் 1-1. சீட்டு பல்கேரியாவுக்கு விழுந்தது. இஸ்ரேல் வீடு திரும்பியது. அந்த வேதனையில்தான் யோசேஃப் தகான் என்பவர், அணிக்கு ஐந்து பினால்டி உதைத்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று யோசனை சொன்னார். இஸ்ரேல் காற்பந்துச் சங்கத்தின் மைக்கேல் அல்மோக் அதை எழுத்தில் வடித்தார். 1969 ஆகஸ்டில் ஃபிஃபாவின் செய்தி இதழில் அந்தக் கட்டுரை வந்தது.

இங்கேதான் நம் ஆள் வருகிறார். கோ யூ தெய்க். ஃபிஃபாவின் நடுவர் குழுவில் இருந்த மலேசியர். எழுதிப் போட்டால் மட்டும் ஒரு யோசனை சட்டமாகிவிடாது. குழுவுக்குள் உட்கார்ந்து அதைத் தூக்கிப் பிடிக்க ஒருவர் வேண்டும். அந்த வேலையை முன்னின்று செய்தவர் கோ. அந்த நாளில் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் யார் தெரியுமா? நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். 1958 முதல் 1977 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பிரதமர் பதவியை விட்ட பிறகு பினாங்கிலேயே குடியிருந்தார். ஐரோப்பியர்களின் ஆட்டத்துக்கு நாம் என்ன விதி சொல்வது என்று கூச்சப்படாத தலைமுறை அது.

1970 பிப்ரவரி 20 அன்று பன்னாட்டுக் காற்பந்துச் சட்ட வாரியத்தின் பணிக்குழு இதைப் பேசியது. முழுத் திருப்தி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது. ஜூன் 27, ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகரில் வாரியத்தின் ஆண்டுக் கூட்டம். அங்கே நிறைவேறியது. மெக்சிகோவில் பெலேயின் பிரேசில் உலகக் கிண்ணத்தைத் தூக்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

இதற்குத் தாய் தகப்பன் என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் வேறு நாடுகளிலும் உண்டு. ஜெர்மனியில் கார்ல் வால்ட் என்ற நடுவர், 1970-இல் பவேரியச் சங்கத்தின் முன் இதே யோசனையை வைத்தார். யூகோஸ்லாவியாவிலும் இத்தாலியிலும் 1950-களிலேயே உள்நாட்டுக் கோப்பைகளில் உதைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவரவர் பெருமை அவரவருக்கு. உலகச் சட்டமானது இன்வர்னெஸில்.

விதி வந்த சூட்டோடு 1970 ஆகஸ்ட் 5 அன்று இங்கிலாந்தின் வாட்னி கோப்பை அரையிறுதியில் ஹல் சிட்டியும் மான்செஸ்டர் யுனைடெட்டும் உதைத்துப் பார்த்தன. முதலில் உதைத்தவர் ஜார்ஜ் பெஸ்ட். முதலில் தவறவிட்டவர் டெனிஸ் லா. லாவின் பந்தைத் தடுத்த கோல் காவலர் இயன் மெக்கெக்னி, பிறகு தானே உதைக்கப் போய்க் குறுக்குக் கம்பத்தில் அடித்தார். யுனைடெட் 4-3.

ஆண்கள் கதை இவ்வளவு போதும். எனக்கு வேண்டியது பெண்கள் கதை.

இன்வர்னெஸில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து விதி எழுதியவர்களின் மனதில் பெண்கள் இருந்திருக்க வழியில்லை. இங்கிலாந்தில் 1921 டிசம்பரில், பெண்களுக்குத் திடல் தரக்கூடாது என்று காற்பந்துச் சங்கம் போட்ட தடை அந்தச் சமயத்தில்தான் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. ஐம்பது வருஷம்! மேற்கு ஜெர்மனியில் 1955-இல் போட்ட தடை 1970 அக்டோபர் கடைசியில் நீங்கியது. கார்ல் வால்ட் தன் யோசனையை எடுத்துக்கொண்டு போன அன்று, அவர் நாட்டுப் பெண்கள் சங்கத் திடலில் பந்தைத் தொட முடியாது. அப்படிப் பிறந்த விதி, பிறகு பெண்கள் காற்பந்தின் பெரிய நாள்களில் எத்தனையோ முறை தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

முதலாவது, ஐரோப்பியப் பெண்களின் முதல் பட்டமே. 1984. இறுதியாட்டம் இரண்டு கட்டம். கோத்தன்பர்க்கில் சுவீடன் 1-0. பியா சுந்தாகே தலையால் முட்டிய கோல். மே 27 அன்று லூட்டனில் சேறும் சகதியுமான திடலில் இங்கிலாந்து 1-0. மொத்தத்தில் 1-1. அன்றைக்குப் பெண்களுக்கு ஒரு பாதிக்கு 35 நிமிடம்தான். 45 நிமிடம் ஓடத் தாங்கமாட்டார்கள் என்று நினைத்தார்களாம். (எங்கள் பள்ளிப் பிள்ளைகள் திடலில் ஓடிவிட்டு வீட்டுக்கும் ஓடித்தான் போவார்கள், அது வேறு கதை.) பினால்டியில் சுவீடன் 4-3. கடைசிப் பந்தை உள்ளே அனுப்பியவர் அதே சுந்தாகே. காசு சுண்டியிருந்தால் ஐரோப்பாவின் முதல் பெண்கள் பட்டம் யார் கைக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? சுந்தாகேயின் பெயரை நான் இங்கே எழுதியிருக்கமாட்டேன்.

ஆசியாவில் நாம் அவர்களுக்கு முன்பே தொடங்கிவிட்டோம். பெண்கள் ஆசியக் கிண்ணம் 1975-லேயே ஹாங்காங்கில் நடந்தது. ஆண்களின் கூட்டமைப்பு அதை நடத்தவில்லை, ஆசியப் பெண்கள் காற்பந்துக் கூட்டமைப்பு என்று தனி அமைப்பு இருந்தது. இந்தியா 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் இறுதிவரை வந்து தைவானிடம் தோற்றது. 1983-இல் பேங்காக்கில் மறுபடி இறுதியில் தாய்லாந்திடம் தோற்றது. அந்த ஆண்டு மூன்றாம் இடம் மலேசியாவுக்கு. இன்று இதை யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 1986-இல் அந்தப் பெண்கள் அமைப்பு ஆசியக் கூட்டமைப்போடு இணைந்தது. அப்போது அங்கே பொதுச்செயலாளர் பீட்டர் வேலப்பன், நெகிரி செம்பிலானில் பிறந்த நம்மவர். 1978 முதல் 2007 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நம் நாட்டில் மாநிலப் பெண்கள் அணிகள் மோதும் கோப்பைக்குத் துங்குவின் மனைவி துன் ஷரிஃபா ரோட்ஸியாவின் பெயர். ஆனாலும் எங்கள் காலத்தில் “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு பூட்ஸ்?” என்று கேட்கத்தான் ஆள் இருந்தது. சிட்டி ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தை இருக்கிறதே, அங்கே காலையில் போய்ப் பேரம் பேசி, பையன்களின் பழைய பூட்ஸ் வாங்கி வந்து, முனையில் பஞ்சு அடைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டிருக்கிறேன்.

ஆசியக் கிண்ணத்தில் பினால்டியின் நியாயத்தை முழுசாகக் காட்டிய நாடு ஆஸ்திரேலியா. 2006 ஜனவரியில்தான் அது ஆசியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. அதே ஜூலையில் அடிலெய்டில், சொந்த மக்கள் முன்னால், சீனாவோடு இறுதியாட்டம். 2-2. பினால்டியில் சீனா 4-2. நாலு வருஷம் கழித்து, 2010 மே 30, சீனாவின் செங்டு. இம்முறை எதிரில் வட கொரியா. பதினாறு வயது சேம் கெர் முதல் கோல் போட்டார். வட கொரியா சமன் செய்தது. 1-1. பினால்டியில் ஆஸ்திரேலியா ஐந்தையும் போட்டு 5-4. கடைசி உதை கையா சைமனுடையது, அவருக்கும் இருபது ஆகவில்லை. அது ஆஸ்திரேலியாவின் முதல் ஆசியப் பட்டம். அவர்களின் ஆண்கள் அணி அதற்கு 2015 வரை காத்திருந்தது. பினால்டி வெறும் அதிர்ஷ்டம் என்றால், 2006-இல் தோற்றவர்கள் திரும்பி வந்து ஐந்துக்கு ஐந்து போட்டதை என்னவென்று சொல்வது?

அண்ணன் இங்கே குறுக்கிட்டார். “அஞ்சும் உள்ள போறது அதிர்ஷ்டம் இல்லாம வேற என்ன?” பிராண்டி சாஸ்டெயின் கதையைச் சொன்னேன்.

1999 ஜூலை 10, கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கம். பெண்கள் உலகக் கிண்ண இறுதி, அமெரிக்காவும் சீனாவும். கூட்டம் 90,185. கூடுதல் நேரத்துக்குப் பிறகும் கோல் இல்லை. அதே திடலில் அன்று சற்று முன்னால்தான் மூன்றாம் இடத்துக்கு பிரேசிலும் நார்வேயும் ஆடின. அதிலும் கோல் இல்லை, பினால்டியில் பிரேசில் 5-4. இறுதியிலும் முடிவு 5-4. சாஸ்டெயின் அந்த ஆண்டு மார்ச்சில் இதே சீனாவுக்கு எதிராக, இதே கோல் காவலர் காவ் ஹொங்கின் முன்னால், வலது காலால் ஒரு பினால்டியைத் தவறவிட்டிருந்தார். அதனால் இடது காலால் உதைக்கச் சொன்னார் பயிற்றுநர் டோனி டிசிக்கோ. உலகக் கிண்ணத்தின் கடைசிப் பந்தை இடது காலால்! மூலையில் போய் விழுந்தது. இரண்டு காலாலும் உதைக்கப் பழகியிருந்ததுதான் அன்று கோப்பை வாங்கிக் கொடுத்தது. எங்கள் திடலில் எந்தப் பிள்ளையையும் ஒரு காலில் மட்டும் நம்பியிருக்க விட்டதில்லை நான், அதற்குக் காரணம் இந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு.

அந்த இறுதியில் இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. சீனாவின் லியூ யிங் உதைத்த பந்தை அமெரிக்காவின் பிரியானா ஸ்கரி தடுத்தபோது, கோட்டைவிட்டு முன்னால் வந்துவிட்டிருந்தார். நடுவர் கண்டுகொள்ளவில்லை. விசில் ஊதியவள் என்ற முறையில் எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. ஆனால் இது நடுவரின் கண் சம்பந்தப்பட்ட குறை. கண்ணுக்கு மருந்து உண்டு. 2019 பிரான்ஸ் உலகக் கிண்ணத்தில், ஒரு காலாவது கோட்டில் இருக்க வேண்டும் என்ற புதிய விதியைக் காணொளி நடுவர்கள் கறாராகப் பார்க்கத் தொடங்கினார்கள். பினால்டி வரிசையில் அதற்காக மஞ்சள் அட்டை காட்டினால் கோல் காவலர்கள் வெளியேற நேரிடும் என்று பயந்து, அட்டைக்கு மட்டும் போட்டி நடுவிலேயே விலக்குக் கொடுத்தார்கள். 2025-இல் பாசெலில் இங்கிலாந்தின் பெத் மீட் சறுக்கி, பந்து இரண்டு காலிலும் பட்டு உள்ளே போனது. முன்பென்றால் அதோடு அந்த உதை போய்விடும். புதிய விளக்கத்தின்படி மறுபடி உதைக்கவிட்டார்கள். தடுக்கப்பட்டது. ஆனாலும் இங்கிலாந்தின் ஹன்னா ஹாம்ப்டன் இரண்டைத் தடுத்தார், குளோயி கெல்லி முடித்துவைத்தார். விதி பிழையாக இருந்தால் திருத்தலாம். காசில் திருத்த என்ன இருக்கிறது?

யார் முதலில் உதைப்பது என்பதில்கூட நியாயம் பார்த்திருக்கிறார்கள். முதலில் உதைக்கும் அணிக்குச் சாதகம் என்று ஒரு பேச்சு உண்டு. அதனால் 2017-இல் ஒரு சோதனை. முதல் உதைக்குப் பிறகு, டென்னிஸில் செய்வதுபோல, ஒவ்வொரு அணியும் இரண்டிரண்டாக உதைக்க வேண்டும். முதலில் சோதித்த இடம் செக் நாட்டில் நடந்த ஐரோப்பியப் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டி. புதிதாக எதையாவது பரீட்சித்துப் பார்க்க வேண்டுமென்றால் பெண்பிள்ளைகள்தான் கிடைப்பார்கள்! அரையிறுதியில் ஜெர்மனி நார்வேயை அந்த முறையில் வென்றது, இறுதியில் ஸ்பெயினையும் பினால்டியிலேயே வென்றது. முறை சிக்கலாக இருக்கிறது என்று அடுத்த ஆண்டே கைவிட்டார்கள்.

2011 பிராங்க்ஃபர்ட் உலகக் கிண்ண இறுதியைச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஜப்பானில் சுனாமி வந்த ஆண்டு. 2-2. பினால்டியில் அமெரிக்காவின் முதல் மூன்றும் போகவில்லை. ஜப்பான் 3-1. கடைசி உதை இருபது வயது சாக்கி குமகாய்.

இப்போது டாக்காவுக்கு வருகிறேன். அண்ணனை வாயடைக்க வைத்தது இதுதான்.

2024 பிப்ரவரி 8. தெற்காசியப் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்கள் கோப்பை இறுதி. வங்காளதேசமும் இந்தியாவும். எட்டாவது நிமிடத்திலேயே சிபானி தேவி இந்தியாவுக்குக் கோல் போட்டார். தொண்ணூறு நிமிடம் தாண்டிய பிறகு சாகரிகா சமன் செய்தார். 1-1. பினால்டி தொடங்கியது. ஐந்து, ஐந்து. ஆறு, ஆறு. போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு கோல் காவலர்களும் உதைத்துப் போட்டார்கள். 11-11. இருபத்திரண்டு பெண்பிள்ளைகள், ஒருவர்கூடத் தவறவிடவில்லை. எத்தனையோ பினால்டி வரிசைகளைப் பார்த்திருக்கிறேன், இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

விதி இங்கே தெளிவு. தகுதியுள்ள எல்லாரும் உதைத்து முடித்தும் சமமாக இருந்தால் மறுபடி முதலிலிருந்து உதைக்க வேண்டும். வரிசையை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நடுவர் அதற்குத்தான் ஆயத்தமானார். போட்டி ஆணையரோ காசு சுண்டச் சொன்னார். சுண்டினார்கள். இந்தியாவுக்கு விழுந்தது. இந்தியப் பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். வங்காளதேசப் பிள்ளைகள் திடலைவிட்டு நகர மறுத்தார்கள். பிறகு ஆணையர் தன் முடிவைத் திரும்பப் பெற்று, உதையைத் தொடரச் சொன்னார். வென்றோம் என்று கொண்டாடிவிட்ட இந்தியா மறுத்து வெளியேறியது. வெகுநேரப் பேச்சுக்குப் பிறகு இரண்டும் கூட்டு வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள். லியோனில் சீட்டுக் குலுக்கி ஐம்பத்தைந்து வருஷம் கழித்து அதே கூத்து, இந்த முறை பெண்பிள்ளைகளின் தலையில்.

இரண்டு நாட்டுப் பிள்ளைகள் மேலும் எனக்குக் குறை இல்லை. காசு விழுந்ததும் சிரித்தவளும் அழுதவளும் செய்தது அந்த வயதில் யாரும் செய்வது. ஆனால் அந்த இருபத்திரண்டு உதைகளையும் ஒரு காசு துடைத்துப் போட்டதே!

இதே மாதிரி ஒன்றை நானே கிட்டத்திலிருந்து பார்த்தவள் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். பினாங்கில் ஒரு பெண்பிள்ளைகள் போட்டி. யார் நடத்தினார்கள் என்பது இப்போது வேண்டாம். பிற்பகல் மழை பிடித்து, தாமதமாகத் தொடங்கி, இறுதியாட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்து ஆண்கள் ஆட்டம், திடல் வேண்டும் என்றார்கள். பினால்டிக்கு நேரமில்லை, காசைச் சுண்டுங்கள் என்றார்கள். எங்கள் அணித்தலைவி ‘தலை’ கேட்டாள், ‘பூ’ விழுந்தது. கை குலுக்கிவிட்டு என்னிடம் வந்து நின்றாள். “டீச்சர், நாங்க எங்க தோத்தோம்?” முழங்கால் எல்லாம் சேறு. தவறவிட்டிருந்தால் தவறவிட்ட பந்தைப் பற்றிப் பேசியிருக்கலாம், காலை எப்படி வைத்தாய் என்று கேட்டிருக்கலாம், அடுத்த நாள் திடலில் அதையே பழகியிருக்கலாம். காசுக்கு என்ன பயிற்சி கொடுப்பது? ஆண்கள் ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கியது.

ஒரு பினால்டி வரிசைக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஐந்து ஐந்து உதைத்தால் பத்து நிமிடம். டாக்காபோல நீண்டால் கால் மணி, இருபது நிமிடம். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலில் வரிசையில் நிற்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

அண்ணன் கடைசியில் ஒன்றை ஒத்துக்கொண்டார். “சரி, லாட்டரி இல்ல. ஆனா பாக்கச் சகிக்கல.” அது உண்மைதான். தவறவிட்ட பிள்ளை நடுக்கோட்டுக்குத் தனியாக நடந்து வருவதைப் பார்க்க எனக்கும் சகிக்காது. அதற்காகக் காசு சுண்ட முடியுமா?

மாவட்டத்திலும் பள்ளியிலும் பெண்பிள்ளைகள் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். போட்டி விதித் தாளில் இதை முன்கூட்டியே எழுதி, இரண்டு அணி ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: காசு சுண்டுவது எந்தக் கோல் பக்கம், யார் முதலில் உதைப்பது என்ற இரண்டுக்கு மட்டும், பதினொரு பேரும் உதைத்துச் சமமாக நின்றால் மறுபடி முதலிலிருந்து. இறுதியாட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே அரை மணி நேரம் காலியாக விடுங்கள். அந்த அரை மணியை ஆண்கள் ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை.